பாங்காங் ஏரி ஏன் ஊதாவாக அச்சாகிறது? லடாக் படங்களைப் புத்தகமாக்கும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஸ்ரீநகரில் தொடங்கி சோனமார்க், ஜோஜி லா, கார்கில், லாமாயுரு வழியாக லே. அங்கிருந்து நுப்ரா, பாங்காங், ஹான்லே. இந்தச் சுற்றை முடித்து வருகிறவர்களிடம் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்திருக்கும். அவற்றை ஃபோனிலேயே தூங்கவிடாமல், கெட்டி அட்டை போட்டு, கூடத்து மேசைமேல் வைக்கிற மாதிரி ஒரு காபி டேபிள் புத்தகமாக்க நினைப்பது ரொம்ப நல்ல விஷயம். ஆனால் பார்சலைப் பிரித்ததும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஏரி ஊதாவாக இருக்கிறது, பனி சாம்பலாக இருக்கிறது, மடாலத்தின் உட்புறம் கரியாகக் கிடக்கிறது. உடனே அச்சகத்துக்கு ஃபோன் போகிறது.

பெரும்பாலான கோளாறுகள் ஃபைல் அச்சகத்துக்குப் போகும் முன்பே அதில் உட்கார்ந்திருக்கின்றன. திரை தானே ஒளி விடுகிறது. காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். திரையை மட்டும் நம்பி எடுத்த முடிவுகள் காகிதத்துக்கு வரும்போது இடறும். அதனால் கீழே எந்தக் கோளாறுக்குப் போனாலும் ஒரு வேலை திரும்பத் திரும்ப வரும்: முழுப் புத்தகத்தை ஆர்டர் செய்யும் முன், அதே மெஷினில், அதே காகிதத்தில், சிக்கலான நான்கைந்து பக்கங்களை மட்டும் மாதிரி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. இதற்கு ஒத்துக்கொள்ளாத அச்சகத்திடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் புத்தகம் எந்த முறையில் அச்சாகிறது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பம் போடும் கலர் லேப் என்றால் ஃபோட்டோ பேப்பரில் லேசர் ஒளி பாய்ச்சி, ரசாயனத்தில் கழுவி எடுப்பார்கள். தடித்த பக்கங்கள், முழுக்கப் படுத்து விரியும். டிஜிட்டல் அச்சு என்றால் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் எச்பி இன்டிகோ மாதிரியான மெஷின். ஆஃப்செட் என்றால் நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் போட வேண்டும். சிவகாசியில் ஆயிரம் பிரதி அடிக்க அது கட்டும், குடும்பத்துக்குப் பத்துப் பிரதி அடிக்கக் கட்டாது. ஒரு முறைக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தாது.

திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் இருட்டாக வந்திருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் லேப்டாப்பின் வெளிச்சம். அச்சு வேலைக்குத் திரை சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை இருந்தால் போதும். நாம் முழு வெளிச்சத்தில் வைத்திருக்கும் திரை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு போகும். அந்த வெளிச்சத்தில் நிழலுக்குள் இருக்கும் விவரம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதால், படத்தைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்றே தோன்றாது.

கருவி எதுவும் வாங்காமல் இதைச் சரிசெய்யலாம். புத்தகம் அச்சாகப் போகும் காகிதத்தில் ஒரு வெற்றுத்தாளை அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். பகலில், நேரடி வெயில் படாத ஜன்னல் அருகே உட்கார்ந்து, திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, தாளை அதன் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். நைட் மோடு, ட்ரூ டோன், தானாக வெளிச்சம் மாற்றும் அமைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இப்போது உங்கள் படங்களைத் திறந்தால், அச்சில் வந்த அதே இருட்டு திரையிலும் தெரியும்.

அப்புறம் எவ்வளவு தூக்குவது? இதற்குக் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். திக்சே மடாலத்தின் உட்கூடம், நெய் விளக்கு எரிகிற படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே ஐந்து தடவை சிறிதாக ஒரே பக்கத்தில் அடுக்குங்கள். முதலாவது அப்படியே இருக்கட்டும். அடுத்தடுத்தவற்றை 0.3, 0.5, 0.7, 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்று ஏற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த எண்ணை எழுதி, ஒரு பக்கமாக அச்சிடுங்கள். பகலில் பார்க்கும்போது எது சரி என்று ஒரு நொடியில் தெரியும். மொத்த வெளிச்சத்தை ஏற்றினால் விளக்குச் சுடர் வெளுத்துவிடும் என்பதால், கர்வ் கருவியில் நிழல் பகுதியையும் நடுப்பகுதியையும் மட்டும் உயர்த்துவது நல்லது. அந்த அளவை மற்ற உட்புறப் படங்களுக்கும் போட்டுவிடலாம்.

ஹான்லேயின் இரவு வானத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் நிற்கிறது, பால்வெளி கண்ணுக்கே தெரிகிறது. அங்கே எடுத்த படம் இருட்டறையில் ஃபோனில் அற்புதமாக இருக்கும். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் அது ஒரு கறுப்புப் பலகையாகிவிடும். மேட் காகிதத்தின் கறுப்பு ஃபோன் திரையின் கறுப்பு அளவுக்கு ஆழமானதல்ல. நிழலின் அடிமட்டத்தில் இருக்கும் மெல்லிய வேறுபாடுகள் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். வானத்தின் பின்னணியைக் கறுப்பிலிருந்து தெளிவான கருநீலத்துக்கு உயர்த்துங்கள். மலைமுகடு வானத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். இந்தப் பக்கங்களுக்கு மட்டும் பளபளப்பான கிளாஸி காகிதம் கிடைக்குமானால் இன்னும் நல்லது.

பாங்காங் நீலம் ஊதாவாக வந்திருக்கிறது

134 கிலோமீட்டர் நீள ஏரி. மதியம் 12 மணிக்கு ஒரு நீலம், மேகம் கடக்கும்போது இன்னொரு நீலம். லடாக் புத்தகம் என்றாலே எல்லோரும் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான், கெட்டுப்போவதும் முதலில் இதுதான்.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் கிடைக்கும் அழுத்தமான நீலத்தை அச்சு மையால் தொட முடியாது. அதற்கு மிக அருகில் போக முயலும்போது சயானோடு மெஜந்தா அதிகமாகச் சேர்கிறது, நீலம் ஊதாவுக்குச் சாய்கிறது. நாம் எடிட் செய்யும்போது நீலத்தின் செறிவை வேறு இழுத்து ஏற்றியிருப்போம். ஏற்ற ஏற்ற ஊதாவும் ஏறும்.

படம் திருத்தும் மென்பொருள்களான லைட்ரூம், ஃபோட்டோஷாப், டார்க்டேபிள் மூன்றிலும் சாஃப்ட் ப்ரூஃப் வசதி இருக்கிறது. அச்சகத்திடம் அவர்களுடைய காகிதத்தில் நிறங்கள் எப்படி விழும் என்று சொல்லும் நிற ப்ரொஃபைல் ஃபைலைக் கேட்டு வாங்கி அதில் ஏற்றினால், அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே ஓரளவு காட்டும். காமட் எச்சரிக்கையைப் போட்டால் அச்சுக்கு எட்டாத நிறங்கள் தனியாக மின்னும். லடாக் படங்களில் ஏரியும் வானமும் மொத்தமாக மின்னுவது சாதாரணம். பயப்பட வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது மூன்று. நீலத்தின் செறிவைக் கொஞ்சம் குறையுங்கள். நீலத்தின் சாயலைச் சயான் பக்கமாகச் சற்று நகர்த்துங்கள். நீலத்தின் ஒளிர்வைக் கொஞ்சம் ஏற்றுங்கள். செய்ததும் திரையில் படம் உயிரில்லாமல் தெரியும், கை உடனே பழையபடி ஏற்றப் போகும். அப்படியே விடுங்கள். ஏரியின் நீலம் தனியாக நின்று கண்ணில் படுவதில்லை, அதைச் சுற்றியுள்ள மலைகளின் காவிப்பழுப்புக்குப் பக்கத்தில்தான் படுகிறது. மலையின் வெதுவெதுப்பைக் கெடாமல் வைத்தீர்களானால், குறைத்த நீலமும் காகிதத்தில் நிறைவாகத் தெரியும். மலையையும் சேர்த்துக் குளிர்நிறத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் நீலத்தை எவ்வளவு ஏற்றினாலும் பலன் இருக்காது.

படத்தைச் சிஎம்ஒய்கே-க்கு, அதாவது அந்த நான்கு மை முறைக்கு, நாங்களே மாற்றி அனுப்பலாமா என்று கேட்பார்கள். அச்சகம் எந்த ப்ரொஃபைல் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் திரைகளுக்கான பொது நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபி-யில், ப்ரொஃபைல் உட்பதித்த ஃபைலாகக் கொடுப்பதே பாதுகாப்பு. கலர் லேபுக்கு எப்போதும் எஸ்ஆர்ஜிபி-தான். படம் ஊதாவாகாமல் மொத்தமாகச் சோகையாக வந்திருந்தால், கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு நிற அமைப்பு தேர்வாகியிருந்து, ப்ரொஃபைல் எங்கோ கழன்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். இன்டிகோ மெஷினில் நான்கு நிறத்துக்கு மேல் ஆரஞ்சு, ஊதா போன்ற கூடுதல் மை போடும் வசதியும் உண்டு. உங்கள் அச்சகம் அதை வைத்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

டிஸ்கிட்டின் 32 மீட்டர் மைத்ரேய புத்தர் சிலை கடுகு நிறமாக வந்திருக்கிறது என்பதும் இதே குடும்பத்துப் புகார். அச்சு மையில் பொன் கிடையாது. பொன் என்று கண் நம்புவதற்குக் காரணம் வெளிச்சம் படும் விளிம்பு பளிச்சென்றும் மடிப்பின் நிழல் ஆழமாகவும் இருப்பது. ஹைலைட்டை இறக்கி, நிழலை ஏற்றி, எல்லாவற்றையும் சமப்படுத்தி வைத்திருந்தால் பூச்சு மஞ்சள்தான் மிஞ்சும். அந்த வேறுபாட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பனி சாம்பலாக அல்லது நீலமாக இருக்கிறது

கேமரா தன் முன்னால் இருக்கும் எதையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் அளக்கும். ஜோஜி லாவில் ஏப்ரல், மே மாதத்தில் சாலையின் இருபுறமும் சுவராக நிற்கும் பனியையும் அப்படியே அளக்கும். எடுக்கும்போதே 1 முதல் 1.7 ஸ்டாப் கூட்டியிருக்க வேண்டும். இனி எடிட்டில் கூட்டிக்கொள்ளலாம். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மேடு வலது ஓரத்துக்கு அருகில் வர வேண்டும், ஓரத்தில் முட்டக் கூடாது.

முட்டினால் என்ன ஆகும் என்பது திரையில் தெரியாது. பிரகாசத்தின் உச்ச அளவான 255-இல் இருக்கும் வெள்ளை என்றால் அச்சில் அந்த இடத்தில் மையே விழாது, வெறும் காகிதம்தான். பனிச்சரிவின் நடுவில் ஓட்டை போட்ட மாதிரி இருக்கும். மிகப் பிரகாசமான பனியை 245, 248 அளவில் நிறுத்துங்கள்.

நீலச்சாயம் வேறு விஷயம். நிழலில் கிடக்கும் பனி நீலவானத்தைத்தான் பிரதிபலிக்கிறது, உயரத்தில் அது இன்னும் கூடுதல். வெயில் படும் பனியை வைத்து வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துவிட்டு, நிழலின் நீலத்தைப் பாதிக்கு விட்டுவிடுங்கள். முழுக்க எடுத்துவிட்டால் குளிரும் சேர்ந்து போய்விடுகிறது.

வானத்தில் பட்டை, புள்ளி, கறுப்புத் திட்டு

பட்டை பட்டையாகத் தெரிந்தால் ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து, திருத்தி, சேமித்திருக்கிறீர்கள், அல்லது பிடிஎஃப் செய்யும்போது படங்களைச் சுருக்கியிருக்கிறீர்கள். கேமராவின் சுருக்கப்படாத ரா ஃபைல் இருந்தால் அதிலிருந்து 16 பிட்டில் மறுபடி செய்யுங்கள். இல்லையென்றால் வானத்தில் மட்டும் மிக மெல்லிய கிரெய்ன் சேருங்கள். பட்டையின் விளிம்பு கரைந்துவிடும், கிரெய்ன் அச்சில் கண்ணுக்குத் தெரியாது. பிடிஎஃப் அமைப்பில் படச் சுருக்கத்தை மிக உயர்ந்த தரத்தில் வைத்து, அளவைக் குறைக்கும் தேர்வை அணையுங்கள்.

மங்கலான சாம்பல் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி. ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகங்களை எடுக்க லென்ஸ் மாற்றியவர்களுக்கு இது நிச்சயம். எஃப் 16, எஃப் 22-இல் எடுத்த படங்களில் கூடுதலாகத் தெரியும். லைட்ரூமில் ஒரு படத்தில் புள்ளியை நீக்கி, அந்தத் திருத்தத்தை அதே நாள் படங்கள் அனைத்துக்கும் ஒத்திசைக்கலாம். ஆனால் வானம் இல்லாத படத்தில் அது ஏதாவது ஒரு துறவியின் மூக்கில் போய் ஒட்டுப் போட்டிருக்கும், ஒவ்வொன்றையும் பார்த்துவிடுங்கள்.

வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தால் அது அகல லென்ஸில் போட்ட போலரைசர் ஃபில்டரின் வேலை. 4,000 மீட்டருக்கு மேல் வானமே கருநீலம், அதற்கு மேல் அந்த ஃபில்டர் தேவையில்லை. கிரேடியன்ட் மாஸ்க் போட்டு ஒரு பக்கத்தை ஏற்றலாம், முழுத் தீர்வு கிடையாது. அந்தப் படத்தைச் சின்னதாகப் போடுங்கள்.

படம் கட்டம் கட்டமாக, மங்கலாக இருக்கிறது

ஃபைல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூட வந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீண்ட பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் அது ஐந்தே கால் அங்குலத்துக்குத்தான் வரும். அசல் ஃபைலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது டிரைவ் இணைப்பு கேளுங்கள்.

12 மெகாபிக்சல் ஃபோன் படம் 4,032 × 3,024. பன்னிரண்டு அங்குலச் சதுரப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு நன்றாகவே போதும். இரண்டு பக்கமும் சேர்த்து 24 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 168 புள்ளிதான் மிஞ்சும். தூரத்து மலைத்தொடர் என்றால் சமாளிக்கலாம், முகம் என்றால் வேண்டாம். 24 மெகாபிக்சல் கேமராவில் அதே விரிப்புக்கு 250 புள்ளி கிடைக்கும், தாராளம். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பாறைக்கும் மேகத்துக்கும் போடலாம். வயதான லடாக்கிப் பாட்டியின் முகத்துக்குப் போட்டால், வெயிலும் காற்றும் வரைந்த சுருக்கங்களை அழித்துவிட்டு அது தானாக ஒரு தோலைக் கற்பனை செய்துவிடும். அதை நான் ஏற்க மாட்டேன்.

ஐஃபோனின் ஹெச்இஐசி ஃபைலை அச்சக மென்பொருள் ஏற்காவிட்டால் உயர்ந்த தரத்தில் ஜேபெக் ஆக மாற்றினால் போதும்.

முகம் நடு மடிப்பில் போய்விட்டது, ஓரத்தில் கால் வெட்டுப்பட்டது

ஒட்டுப் பைண்டிங்கில் புத்தகம் முழுக்கத் திறக்காது, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டர் வரை நடுவில் விழுங்கிவிடும். செக்ஷன் தையல் போட்டுக் கெட்டி அட்டை கட்டினால் இழப்பு குறைவு. படுத்து விரியும் பைண்டிங்கில் இழப்பு இல்லை, ஆனால் மடிப்புக்கோடு இருக்கும். எதுவானாலும் நடுவிலிருந்து இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு முகம், எழுத்து, சூரியன் எதையும் வைக்காதீர்கள். லாமாயுருவின் நிலவு நிலம் மாதிரியான அகலப் படத்தை விரிப்பாகப் போடும்போது மடாலம் நடுவில் இருந்தால், படத்தைக் கொஞ்சம் நகர்த்தி அதை ஒரு பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கில் உட்கார வையுங்கள்.

ஓரத்துக்கு 3 மில்லிமீட்டர் ப்ளீட் விடுங்கள், அதாவது படத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே அவ்வளவு நீட்டி வையுங்கள். கட்டிங் மெஷின் ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே போகும். அதே காரணத்தால் ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடவே கூடாது, ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்து நிற்கும்.

தமிழ்க் குறிப்புகள் சிதறிப்போயிருக்கின்றன

இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படத்தின் அடியில் தமிழில் எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் வெறுத்துப்போய் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டியதில்லை.

‘கொடி’ என்று அடித்தால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கிறது என்றால், மென்பொருளின் எழுத்துக் கோர்ப்பு எஞ்சின் தமிழுக்கு மாற்றப்படவில்லை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி பேனலின் மெனுவைத் திறந்து அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் உடனே சேர்ந்துவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றி, புது ஃபைல் திறக்க வேண்டும்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் குப்பை வரிசை நின்றால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் எண்களையும் மேற்கோள் குறிகளையும் ஒரு தடவை சரிபாருங்கள், அவைதான் வழியில் மாறிப்போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை மூன்றும் இலவசம், அச்சிலும் தெளிவு. ‘ஸ்ரீநகர்’ என்ற ஊர்ப்பெயரில் மட்டும் முதல் எழுத்து உடைந்து வந்தால், அந்த எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும் என்பது காரணம். ஒன்று ‘ஸ்’ வழியாக, இன்னொன்று ‘ஶ்’ வழியாக. பழைய எழுத்துருக்களில் இரண்டாவது கிடையாது. அழித்துவிட்டு முதல் வழியில் மறுபடி அடியுங்கள்.

பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துரு உட்பதிந்திருக்கிறதா என்று ஆவணப் பண்புகளில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுத்துகளை அவுட்லைன் (வெறும் வடிவங்கள்) ஆக்கிக் கொடுங்கள், ஆனால் திருத்தக்கூடிய ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு. கறுப்பு எழுத்து நிழலடித்த மாதிரி வந்தால் நான்கு மையும் கலந்த கறுப்பு போயிருக்கிறது, வெறும் கறுப்பு மை 100 சதவீதம் என்று மாற்றுங்கள். படத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டு ‘ணை’, ‘ஞ’ சுழிகள் அடைபட்டுப்போனால் எழுத்து சிறிதாக இருக்கிறது. வெள்ளைத் தாளில் கறுப்புக்கு 9 புள்ளி, படத்தின் மேல் வெள்ளைக்கு 11 புள்ளியும் சற்றுத் தடித்த எழுத்தும் வையுங்கள். குறிப்புகளை இருபுறமும் சமன்செய்யாமல் இடது பக்கம் மட்டும் ஒட்டவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும்.

குறிப்பு ஒன்று சொல்கிறது, படத்தில் பலகை வேறொன்று சொல்கிறது

கர்துங் லா கணவாயில் உயரப் பலகை முன் நின்று எடுக்காதவர் இல்லை. பழைய பலகையில் 18,380 அடி என்று இருக்கும். அளவீட்டில் கிடைத்தது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. பலகையை மறைக்க வேண்டாம், குறிப்பில் அளந்த உயரத்தை எழுதிப் பலகையின் எண் பழையது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஜோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,108 மீட்டர்.

பயணப் பாதையைக் காட்ட இணையத்திலிருந்து எடுத்த வரைபடத்தை அச்சகம் திருப்பி அனுப்பினால் அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஜம்மு காஷ்மீர், லடாக் எல்லைகள் வெளிநாட்டுத் தளங்களில் வேறு மாதிரி இருக்கும். எல்லையே வராத, ஊர்களைக் கோட்டால் இணைத்த பாதைப்படம் ஒன்றைக் கையால் வரைந்து போடுங்கள். பார்க்கவும் அதுதான் அழகு.

எல்லாம் நல்ல படம்தான், ஆனாலும் புத்தகம் சலிக்கிறது

இதற்கு மென்பொருளில் வைத்தியம் இல்லை. மலை, மலை, ஏரி, மலை, மடாலம், மலை என்று போகிறது. ஒவ்வொன்றும் எடுத்த நாளில் மூச்சை நிறுத்திய காட்சி. புத்தகத்தைத் திறக்கிறவருக்கு அந்த மூச்சுத்திணறல் கிடையாது, அவர் நான்காவது மலையில் வேகமாகப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

திரையில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதை நிறுத்துங்கள். போட்டியில் இருக்கும் படங்களை எல்லாம் பக்கத்து ஸ்டுடியோவில் 4 × 6 அளவில் மலிவாக அச்சிட்டு வாங்கி, கூடத்துத் தரையில் பரப்புங்கள். பயணத்துக்கு வராத ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்று போக வேண்டும். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களாக ஜோடி சேருங்கள், புத்தகத்தைப் பார்க்கிற கண் எப்போதும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் பார்க்கிறது. திக்சே மடாலம் மலைமேல் அடுக்கடுக்காக ஏறும் படத்துக்கு எதிரே, அதே மடாலத்தின் தேய்ந்த மரப்படி ஒன்று. நிம்மூவில் ஜான்ஸ்கரும் சிந்துவும் இரண்டு நிறமாகக் கலக்கும் இடத்துக்கு எதிரே, வெண்ணெய்த் தேநீரைக் கடைகிற குர்குர் குழாயைப் பிடித்த கை. காவி மதிலுக்கு எதிரே கூரையில் காயும் ஆப்ரிகாட். ஒரு ஜோடியில் ஒன்று தூரம் என்றால் மற்றது கிட்டத்தில் இருக்கட்டும், ஒன்று நிறைந்திருந்தால் மற்றது வெறிச்சென்று இருக்கட்டும்.

பெரும்பாலோரிடம் கிட்டத்துப் படங்கள் குறைவாக இருக்கும், அதைத் தரையில் பரப்பும்போதுதான் கண்டுபிடிப்பார்கள். அப்போது ஒதுக்கிய படங்களுக்குள் திரும்பப் போங்கள். எல்லைச் சாலைகள் அமைப்பின் மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள், தாபாவின் ஆவி பிடித்த கண்ணாடி, உங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர் டயர் மாற்றும்போது எடுத்த படம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். சுற்றுலா அட்டையில் கிடைக்காதவை இவை, உங்கள் பயணம் என்று சொல்ல இவைதான் இருக்கின்றன. முகம் தெளிவாகத் தெரியும் உள்ளூர்க்காரர்களின் படத்தை விற்பனைப் பிரதியில் போடுவதானால் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். முடிந்தால் ஒரு பிரதியை அனுப்பி வையுங்கள்.

பக்கத்துக்கு ஆறு படம் அடைப்பதை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம், ஒரு படம், சுற்றிலும் வெள்ளை. எண்பது பக்கத்தில் ஐம்பது படம் போதும்.

இரண்டு பேர் எடுத்த படங்கள் வரிசை குழம்பிவிட்டன

கேமராவின் கடிகாரம் ஃபோனின் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. ஒரே தருணத்தை இரண்டிலும் எடுத்த படம் ஒன்றைத் தேடி, இடைவெளியைக் கணக்கிட்டு, கேமராவின் எல்லாப் படங்களுக்கும் அந்த அளவை லைட்ரூமிலோ டிஜிகாமிலோ மொத்தமாக நகர்த்துங்கள். ஐந்து நிமிட வேலை.

பக்கம் அலை அலையாக இருக்கிறது, அட்டை வளைகிறது, மறுபக்கம் தெரிகிறது

இங்கேதான் அச்சகத்தைக் கேள்வி கேட்கலாம். காகிதத்தின் நார் புத்தக முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் அலையடிக்கும், திறந்தால் விறைப்பாக நிற்கும். மாதிரித் தாளைக் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழியும் திசையே நார் திசை. அட்டை வளைவது பெரும்பாலும் ஈரப்பதத்தால். வெளியே லேமினேஷன், உள்ளே வெறும் காகிதம் என்றால் சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் உள்பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்பும். கனமான உள்தாள் கேளுங்கள், வந்த புத்தகத்தைச் சில நாள் எடைக்கு அடியில் படுக்க வையுங்கள். மடிப்பில் மை வெடித்திருந்தால் கோடு இழுக்காமல் மடித்திருக்கிறார்கள், மாற்றித் தரச் சொல்லலாம்.

மறுபக்கம் தெரிந்தால் காகிதம் மெல்லியது, 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மாதிரி இருக்கும். 170 மேட் ஆர்ட் பேப்பருக்கு மாறுங்கள். கிளாஸி நிறத்தைத் தூக்கிக் காட்டும், கூடவே விரல் ரேகையையும் ட்யூப்லைட்டையும் காட்டும். பலர் கைக்குப் போகும் புத்தகத்துக்கு நான் மேட்டைத்தான் சொல்வேன்.

இரண்டாம் தடவை அடித்த பிரதி முதல் பிரதி மாதிரி இல்லை

டிஜிட்டல் மெஷினின் நிறம் நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும், காகிதத்தின் அடுத்த லாட் வேறு வெண்மையில் வரும். எத்தனை பிரதி வேண்டும் என்று சொந்தக்காரர்களைக் கேட்டு ஒரே தடவையில் அடித்துவிடுவது நல்லது. பிறகு தேவைப்படலாம் என்றால், ஒப்புக்கொண்ட மாதிரிப் பக்கங்களை வெயில் படாத உறையில் போட்டு, காகிதத்தின் பெயர், ஜிஎஸ்எம், லேமினேஷன் வகை, தேதி எல்லாவற்றையும் உறையின் மேல் எழுதி வையுங்கள். கடைசியாக அனுப்பிய பிடிஎஃப்பையும் பெயர் மாற்றாமல் இரண்டு இடத்தில் சேமியுங்கள். மறு அச்சின்போது அந்த உறையைக் கையோடு எடுத்துப் போய், பாங்காங் பக்கத்தை முதலில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.